பழைய அமெரிக்கக் கடைக் கணக்கு: பண்டமாற்றா, பற்று வரவா?

ஒரு வாசகரின் கேள்வி, பிப்ரவரி 11
ஆரம்பகால அமெரிக்கக் கிராமங்களில் காசே புழங்கவில்லை, முட்டையைக் கொடுத்து உப்பு வாங்கினார்கள், எல்லாம் பண்டமாற்றுதான் என்று படித்தேன். அப்படியென்றால் அந்தக் கடைக்காரர்கள் இத்தனை தடித்தடியான கணக்குப் புத்தகங்களை எதற்கு எழுதி வைத்தார்கள்? முட்டையை வாங்கிக்கொண்டு உப்பைக் கொடுத்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறதே?

பிப்ரவரி 11, இரவு
நல்ல கேள்வி. பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. கணக்கு அங்கே முடியவில்லை, அதனால்தான் புத்தகம்.

ஜூன் மாதம் ஒருவர் வெண்ணெய் கொண்டுவந்து போடுகிறார். அன்றைக்கு அவருக்கு எதுவும் வேண்டாம். செப்டம்பரில் உப்பும் ஆணியும் வாங்கிப் போகிறார். நவம்பரில் வரி கட்ட ரொக்கம் வேண்டும் என்று அதே கடைக்காரரிடம் இரண்டு டாலர் கைமாற்று வாங்குகிறார். பிப்ரவரியில் பனிமேல் வண்டி இழுத்து நாலு பாரம் விறகு இறக்குகிறார். இதில் எந்தப் பொருளும் எந்தப் பொருளுக்கும் நேராகக் கைமாறவில்லை. ஒவ்வொன்றும் பண விலை போடப்பட்டு ஒருவர் பேரில் பற்றாகவோ வரவாகவோ ஏறியது. கையில் காசு இல்லை, புத்தகத்தில் காசு இருந்தது. இதைப் பண்டமாற்று என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நம் மளிகைக்கடை பற்று வரவுதான் இது.

முறைப்படி மூன்று புத்தகங்கள். முதலாவது சிட்டை. கடையில் நடப்பதை நடந்த வரிசையில், வந்தவர் நிற்கும்போதே எழுதுவது. அதைச் சுத்தமாகப் பிரித்து எழுதுவது குறிப்பேடு. ஆள்வாரியாக, இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று ஏற்றுவது பேரேடு. கிராமக் கடைகளில் நடுப் புத்தகத்தை விட்டுவிட்டுச் சிட்டையிலிருந்து நேரே பேரேட்டுக்குப் போய்விடுவார்கள். சிட்டையில் ஒரு வரி பேரேறியதும் ஓரத்தில் பேரேட்டுப் பக்க எண்ணைப் போட்டு, வரியைக் குறுக்கே அடித்துவிடுவார்கள்.

ஒருவரையொருவர் தெரிந்த ஊரில், நம்பிக்கைதான் நாணயம். அதுதான் எனக்கு இந்த விஷயத்தில் பிடித்தது.

பிப்ரவரி 12
ஒன்று விட்டுப்போயிற்று. பணம் இல்லாவிட்டாலும் பணத்தின் தரம் பற்றிய பேச்சு கடுமையாகவே இருந்தது. 1704-இல் சாரா கெம்பிள் நைட் என்ற பெண்மணி பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்குக் குதிரையில் போனார். வழியில் கனெக்டிகட் கடைக்காரர்கள் பொருள் இருக்கிறதா என்று சொல்வதற்கு முன்பே, எதில் கொடுப்பாய் என்று கேட்டதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சட்டசபை விலைப்படி தானியம், பன்றி இறைச்சி கொடுத்தால் ஆறு பென்ஸ் கத்தி பன்னிரண்டு பென்ஸ். அதே தானியத்தை மூன்றில் ஒரு பங்கு விலை குறைத்துப் போட்டுக் கொடுத்தால் எட்டு பென்ஸ். வெள்ளிக்காசு நீட்டினால் ஆறே பென்ஸ். கடனுக்கு என்றால் தவணையைப் பொறுத்துப் பேசித் தீர்ப்பது.

ஒரே கத்தி. எனவே பழைய கணக்கில் விலையை மட்டும் பார்த்து இது மலிவு, அது கிராக்கி என்று முடிவுக்கு வரக்கூடாது. எதில் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும்.

பிப்ரவரி 15
என்னிடம் ஒரு பழைய சிட்டை இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பழம்பொருள் சந்தையில் வாங்கியது, 1834-இல் தொடங்குகிறது. நீளவாக்கில் ஒடுக்கமாக, ஒரு கையால் பிடிக்கும் அகலத்தில் இருக்கிறது. கடைக்காரரின் பெயரைப் போடப்போவதில்லை, அவர் வழி வந்தவர்கள் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். அக்டோபர் மாதத்தில் ஒரு பதிவு, அப்படியே தமிழில் தருகிறேன்:

சீட்டித்துணி 4 கஜம், 1/6 வீதம்: 1.00
தேயிலை அரை ராத்தல், 4/6 வீதம்: .38
கரும்புப் பாகு ஒரு காலன், 2/6: .42
வரவு, வெண்ணெய் 8 ராத்தல், 9 வீதம்: 1.00

மேலே கணக்குக்காரர் பெயர், அதாவது யார் பேரில் கணக்கோ அவர் பெயர். அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'மனைவி வழி', கடைக்கு வந்து நின்றது அவர் மனைவி என்று அர்த்தம்.

பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. 1/6 என்றால் டாலரில் ஆறில் ஒரு பங்கு, 16⅔ சென்ட். நாலு கஜத்துக்கு 67 சென்ட்தானே வரும்? ஒரு டாலர் போட்டிருக்கிறார். தேயிலை 4/6 என்றால் அரை ராத்தலுக்கு 33, போட்டது 38. பாகு 33, போட்டது 42. மொத்தம் 1.33 வரவேண்டிய இடத்தில் 1.80. அந்தப் பெண் படிக்கத் தெரியாதவளாக இருந்திருக்கலாம், அதைப் பயன்படுத்திக்கொண்டார். என் நம்பிக்கைக் கதைக்கு இதோ மறுபக்கம்.

பிப்ரவரி 16
சிட்டையின் காகிதம் எப்படி என்று கேட்டவருக்கு: கெட்டியானது, இன்னும் நொறுங்கவில்லை. மரக்கூழ்க் காகிதம் வருவதற்கு முந்திய காலம், எல்லாம் கந்தல் துணியிலிருந்து செய்தவை. வீட்டில் சேரும் கந்தலைக் கடையில் எடை போட்டு வரவு வைக்கலாம், கடைக்காரர் அதைக் காகித ஆலைக்கு அனுப்புவார். வெளிச்சத்துக்கு எதிரே ஒரு தாளைப் பிடித்தால் நாரோடு நாராக ஒரு நீல இழை தெரிகிறது. யாருடைய சட்டையோ. மை காய்ந்து பழுப்பாகியிருக்கிறது. அழுத்தி எழுதிய இடங்களில் காகிதத்தையே கொஞ்சம் அரித்துவிட்டது.

பிப்ரவரி 18
நான் 15-ஆம் தேதி எழுதியது தப்பு. அந்தக் கடைக்காரர் மேல் சுமத்திய பழியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: ஏமாற்றுகிறவர் என்றால் வெண்ணெய்க்கு ஏன் கூட்டிக் கொடுத்தார், எட்டு ராத்தல் ஒன்பது சென்ட் வீதம் 72 சென்ட்தானே, ஒரு டாலர் வரவு வைத்திருக்கிறாரே என்று. அந்தக் கேள்வி இரண்டு நாள் தூங்கவிடவில்லை. விற்றதிலும் கூட, வாங்கியதிலும் கூட என்றால், தப்பு அவருடைய கூட்டலில் இல்லை, என் வாசிப்பில்.

சாய்கோடு வகுத்தலைக் குறிக்கவில்லை. 1/6 என்பது ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். நியூ இங்கிலாந்தில், அதாவது நியூ ஹாம்ப்ஷயர் அடங்கிய அமெரிக்க வடகிழக்குப் பகுதியில், ஆறு ஷில்லிங் ஒரு டாலர், ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ், ஆக 72 பென்ஸ் ஒரு டாலர். 1/6 என்றால் 18 பென்ஸ், அதாவது 25 சென்ட். நாலு கஜம் சரியாக ஒரு டாலர். தேயிலை 4/6 என்றால் ராத்தல் 75 சென்ட், அரை ராத்தல் முப்பத்தேழரை, 38 என்று முழுதாக்கியிருக்கிறார். பாகு 30 பென்ஸ், 42 சென்ட். வெண்ணெய் ஒன்பது சென்ட் இல்லை, ஒன்பது பென்ஸ், பன்னிரண்டரை சென்ட். எட்டு ராத்தல் ஒரு டாலர். பாக்கி 80 சென்ட். ஒரு சென்ட்கூடத் தவறவில்லை.

விலையை ஷில்லிங்கில் பேசி, தொகையை டாலரில் எழுதியிருக்கிறார், அதுவும் ஆள் எதிரே நிற்கும்போதே. டாலர் சட்டம் வந்தது 1792-இல். நாற்பத்திரண்டு வருடம் கழித்தும் வாயில் ஷில்லிங்தான். அந்தப் பெண்ணுக்கும் அது தெரிந்திருக்கும். தெரியாதவன் நான்தான்.

பிப்ரவரி 19
ஷில்லிங் எல்லா ஊரிலும் ஒன்றுதானே என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. நியூ இங்கிலாந்திலும் வர்ஜீனியாவிலும் டாலருக்கு ஆறு ஷில்லிங். நியூயார்க்கில் எட்டு. பென்சில்வேனியாவில் ஏழரை. எல்லை தாண்டிப் போனால் அதே சொல்லுக்கு வேறு மதிப்பு.

உண்மையில் கையில் புழங்கிய வெள்ளி, ஸ்பானிய டாலர். எட்டு ரியால் ஒரு டாலர், ஆகவே ஒரு ரியால் பன்னிரண்டரை சென்ட். நியூயார்க்காரருக்கு அது ஒரு ஷில்லிங், நியூ இங்கிலாந்துக்காரருக்கு ஒன்பது பென்ஸ். பழைய கணக்குகளில் 12½, 6¼ என்று அரையும் காலும் ஏன் இத்தனை வருகின்றன என்பதற்கு இதுதான் காரணம். ஸ்பானிய வெள்ளி அமெரிக்காவில் 1857 வரை சட்டப்படி செல்லுபடியாகும் பணமாகவே இருந்தது.

பிப்ரவரி 23
கடைக்கு என்னென்ன வந்தது என்ற கேள்வி. வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஓட்ஸ், ஆளிநார், கையால் நெய்த துணி, இறகு, தேன்மெழுகு, தோல். எனக்கு ஆச்சரியம் தந்தது சாம்பல்.

காட்டை வெட்டி எரித்து நிலமாக்கிய குடும்பங்களுக்கு முதல் விளைச்சல் வருவதற்கு முன்பே கையில் இருந்த ஒரே சரக்கு மரச்சாம்பல்தான். அதைக் கூடை கூடையாகக் கடையில் அளந்து வரவு வைப்பார்கள். சாம்பல் வழியே தண்ணீர் ஊற்றி, இறங்கும் காரநீரை இரும்புக் கொப்பரையில் காய்ச்சினால் பொட்டாஷ். சோப்பு, கண்ணாடி, கம்பளித் துணி வேலை எல்லாவற்றுக்கும் அது வேண்டும், இங்கிலாந்துவரை போயிற்று. பல கடைக்காரர்கள் பக்கத்திலேயே சொந்தமாகக் காய்ச்சுமிடம் வைத்திருந்தார்கள். அமெரிக்க அரசு கொடுத்த முதல் காப்புரிமையே, 1790-இல் சாமுவேல் ஹாப்கின்ஸுக்கு, பொட்டாஷ் செய்யும் முறைக்காகத்தான். அதில் ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்து இருக்கிறது.

கடையிலிருந்து போனவை: ரம், தேயிலை, சர்க்கரை, பாகு, உப்பு, மிளகு, ஆணி, வெடிமருந்து, அவுரி, துணி. துணி என்றதும் ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியாது. அக்காலத்து அமெரிக்கக் கடைச் சரக்குப் பட்டியல்களிலும் பத்திரிகை விளம்பரங்களிலும் 'மதராஸ்' கைக்குட்டை, 'புலிகட்' கைக்குட்டை என்று வரும். புலிகட் நம் பழவேற்காடு. முதலில் லண்டன் வழியாகப் போயின. சுதந்திரத்துக்குப் பிறகு அவர்கள் கப்பலே நேரில் வந்தது, பிலடெல்பியாவிலிருந்து கிளம்பிய 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற கப்பல் 1784 டிசம்பரில் புதுச்சேரியைத் தொட்டது. பழவேற்காட்டுப் பெயரை ஆங்கிலக் கிறுக்கலில் முதன்முதலாகப் படித்தபோது நான் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 26
இப்போது என் கட்சிக்கு வருகிறேன். பேரேடுதான் முக்கியம், சிட்டை வெறும் கிறுக்கல் என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். அன்றைய நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை.

கடன் வழக்கு வந்தால் கடைக்காரர் தன் புத்தகத்தைக் கொண்டுவந்து, இது என் வழக்கமான கணக்கு, சரக்கு கொடுத்தபோதே எழுதியது என்று சத்தியம் செய்து சாட்சியாக வைக்கலாம். வழக்காடுபவரே தனக்காகச் சாட்சி சொல்லக்கூடாது என்று இருந்த காலத்தில் இது பெரிய சலுகை. ஆனால் எடை இருந்தது முதலில் எழுதிய புத்தகத்துக்கு, அதாவது சிட்டைக்கு. பேரேடு அதிலிருந்து எடுத்தெழுதியது. நடந்த வரிசையில், பத்துப் பேர் கணக்குக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு வரியைப் பிற்பாடு நுழைப்பது கஷ்டம். பேரேட்டில் ஒருவர் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்ப்பது சுலபம்.

எனக்கு அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 'மனைவி வழி', 'மகன் வழி', 'வேலைக்காரப் பையன் வழி' என்பதெல்லாம் சிட்டையில்தான் இருக்கும். கல்யாணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து என்று சட்டம் ஒத்துக்கொள்ளாத காலம். கறந்தது, கடைந்தது, உப்பிட்டது, சுமந்து வந்தது எல்லாம் அவள், வரவு ஏறியது கணவன் பேரில். வந்து நின்றவள் அவள்தான் என்பதற்குச் சிட்டையின் அந்தச் சின்ன எழுத்து ஒன்றுதான் சாட்சி.

பிப்ரவரி 26, பிற்பாடு
மாசசூசெட்ஸில் உள்ள ஓல்ட் ஸ்டர்பிரிட்ஜ் கிராம அருங்காட்சியகத்துக்கு யாராவது போனால் ஆசா நைட் கடையைப் பார்க்காமல் வராதீர்கள். வெர்மான்ட்டின் டம்மர்ஸ்டனில் இருந்த கடையைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். துணிச்சுருள் அடுக்கிய அலமாரிக்கு எதிரே நின்றால் இந்தச் சிட்டைகள் எந்த உயரத்தில் எழுதப்பட்டன என்று உடம்புக்கே புரியும். நான் அந்த மேசைமேல் முழங்கையை ஊன்றிப் பார்த்தேன்.

மார்ச் 2
கடைக்காரரை முதலாளி முதலாளி என்று எழுதுகிறோம். அவரும் கடன்காரர்தான். வருடத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ பாஸ்டனுக்கோ நியூயார்க்குக்கோ போய், ஆறு மாதம், ஒரு வருடம் என்ற தவணையில் சரக்கெடுப்பார். ஊரார் அவருக்கு வெண்ணெயில் கொடுக்கலாம், மொத்த வியாபாரி அப்படி விடமாட்டார். ஊரில் பொதுவாகக் கணக்குப் பாக்கிக்கு வட்டி கிடையாது. பாக்கி நாள்பட்டால் புரோநோட்டு எழுதி வாங்குவார்கள், வட்டி அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஆபிரகாம் லிங்கன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இல்லினாய் மாநிலத்தின் நியூ சேலத்தில் 1832-இல் வில்லியம் பெர்ரியோடு கூட்டாகக் கடை வைத்தார். சரக்கும் கட்டடமும் பெரும்பாலும் புரோநோட்டுமேல். கடை நொடித்தது. 1835-இல் பெர்ரி இறந்துபோக, அவர் பங்குக் கடனும் லிங்கன் தலையில் விழுந்தது, மொத்தம் சுமார் 1,100 டாலர். அதைத் 'தேசியக் கடன்' என்று நண்பர்களிடம் சொல்வாராம். பல வருடம் பிடித்தது கட்டி முடிக்க.

1841-இல் நியூயார்க்கில் லூயிஸ் டாப்பன் ஒரு நிறுவனம் ஆரம்பித்தார். எந்த ஊர்க் கடைக்காரர் நாணயமானவர், யார் குடிக்கிறார், யார் மாமனாருக்குச் சொத்து இருக்கிறது என்று உள்ளூர் வக்கீல்கள் எழுதி அனுப்புவார்கள், மொத்த வியாபாரிகள் காசு கொடுத்துத் தெரிந்துகொள்வார்கள். ஊரையே எழுதி வைத்த கடைக்காரரை வேறொருவர் எழுதி வைக்க ஆரம்பித்தார். அப்படி எழுதி அனுப்பிய வக்கீல்களில் லிங்கனும் ஒருவர்.

மார்ச் 5
முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். நம்பிக்கைதான் நாணயம் என்று எழுதியிருக்கிறேன். அதை அப்படியே விட மனமில்லை. நான் பார்த்தது நியூ இங்கிலாந்தின் ஒரு மூலை.

வர்ஜீனியாவில் கதை வேறு. அங்கே பல கடைகள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர வியாபாரிகளின் கிளைகள். ஜான் கிளாஸ்ஃபோர்டு கம்பெனியின் கணக்குகள் இன்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. புகையிலைதான் வரவு. 1730 சட்டப்படி கிடங்கில் சோதித்துக் கொடுக்கும் புகையிலைச் சீட்டே பணம்போலக் கைமாறியது. விளையப்போகும் புகையிலைமேல் கடன், அடுத்த வருட விளைச்சல்மேலும் கடன். சுதந்திரப் போர் முடிந்து பிரிட்டனோடு செய்த 1783 உடன்படிக்கையில் பழைய கடனை வசூலிக்கத் தடை கூடாது என்று எழுதிய பிறகும் இழுபறி தீரவில்லை. கடைசியில் 1802-இல் அமெரிக்க அரசே 6,00,000 பவுண்டு கொடுத்து முடித்தது.

அந்தப் புகையிலையை நட்டுக் கிள்ளி உலர்த்தியவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட மக்கள். வரவுப் பக்கத்தில் அவர்கள் உழைப்பு இன்னொருவர் பேரில் நிற்கிறது. நியூ ஹாம்ப்ஷயர் வெண்ணெயோடு இதை ஒரே தட்டில் வைக்கமாட்டேன். வெண்ணெய் கொண்டுவந்தவள் அன்று மாலை தன் வீட்டுக்குத்தான் திரும்பினாள். ஆனாலும் அந்த அடிமைப்படுத்தப்பட்டவர்களும் கடைக்கு வந்தார்கள், ராத்திரி நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தாங்களாக விளைவித்ததையும் வளர்த்த கோழியையும் கொடுத்து வாங்கினார்கள். வர்ஜீனியாவின் மேற்குப் பகுதியில் ஜான் ஹூக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடத்திய கடையில், சூக்கி என்ற அடிமைப் பெண் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வாங்கியது கணக்கில் பதிந்திருக்கிறது. அவளைப் பற்றி யாரும் கதை எழுதி வைக்கவில்லை. ஒரு கடைக்காரர் கணக்குக்காக அந்தப் பெயரை எழுதினார், அதனால் இன்று நாம் அவள் பெயரைச் சொல்கிறோம்.

மார்ச் 9
நேற்று அந்த ஊருக்கே போய்விட்டு வந்தேன். என் சிட்டைக்குரிய பேரேடு அங்கே உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் பக்கத்திலேயே நின்றார். என் புத்தகத்தின் ஓரத்தில் இருந்த பக்க எண்ணைச் சொன்னேன், அவர் திருப்பினார்.

அக்டோபர் பதிவு அங்கே ஒரே வரி. இடப்பக்கம் 'பலசரக்கு 1.80'. வலப்பக்கம் 'வெண்ணெய் 1.00'. சீட்டித்துணி இல்லை, தேயிலை இல்லை, 'மனைவி வழி' இல்லை.

பக்கத்தின் அடியில் அடுத்த ஏப்ரலில் கணக்கு தீர்த்திருக்கிறார்கள். அன்றுவரை உள்ள எல்லாக் கணக்கும் பார்த்து நேர் செய்தோம் என்று ஒரு வரி, கீழே கடைக்காரர் கையெழுத்தும் கணக்குக்காரர் கையெழுத்தும். அந்த 80 சென்ட் அதில் அடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து சிட்டையில் அதே ஏப்ரல் தேதியைத் தேடினேன். என் சிட்டை மே மாதம்வரை போகிறது, நல்லவேளை. கணக்கு தீர்த்த பதிவுக்கு நாலு வரி தள்ளி, அதே நாள், அதே பெயர்:

குண்டூசி ஒரு தாள், 9 பென்ஸ், மனைவி வழி.